பொரித்த மீனும் புரட்சியும்

உணவைப் பற்றி எழுதுவது சமையற் புத்தகங்களின் வேலை. இலக்கிய விமரிசனத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். பசியைப் பற்றி எழுதினால் இலக்கியம். பசி தீர்க்கும் பண்டத்தைப் பற்றி எழுதினால் அது பத்திரிகையின் மூலையில் இடம்பெற வேண்டிய குறிப்பு என்பது அவர்கள் கருத்து. இக்கருத்துத் தவறானது மட்டுமன்று. உழைப்பைக் கண்ணிலிருந்து மறைப்பதுமாகும். ஒரு பண்டத்தை யார் பிடித்தார், யார் விளைவித்தார், யார் பொரித்தார், யார் எத்தனை காசு கொடுத்து எந்த நேரத்தில் வாங்கி உண்டார் என்று கேட்கத் தொடங்கியவுடனே, அப்பண்டத்தினுள் ஒரு சமுதாயத்தின் உறவுகள் யாவும் அடங்கியிருத்தலைக் காண்கிறோம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ஆங்கிலேயர் 'பிஷ் அன்ட் சிப்ஸ்' என்று வழங்கும் பண்டம். மாக்கரைசலிலே தோய்த்துப் பொரித்த மீன். அதனோடு நீளத் துண்டுகளாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. மேலே சிறிது உப்பும் வினாகிரியும். இதனைத் தமிழ்ச் சஞ்சிகையொன்றில் ஆராய்வதற்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று, இடதுசாரி எழுத்தாளர் என்று உலகறிந்த ஒருவர் இப்பண்டத்தை வைத்துத் தொழிலாளி வர்க்கத்தின் மீது ஒரு தீர்ப்புக் கூறியுள்ளார். அத்தீர்ப்பின் எதிரொலியை நமது நாட்டிலும் நாள்தோறும் கேட்கிறோம். மற்றது, மீனும் கிழங்கும் எண்ணெயும் கூடிய உணவு மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் வாழும் உழைப்பாளியின் உணவுமாகும். ஆதலால் இவ்விவகாரம் நமக்கு அந்நியமானதன்று.

ஜோர்ஜ் ஓர்வெல் 1937ஆம் ஆண்டில் 'விகன் பியருக்குச் செல்லும் பாதை' என்னும் நூலை வெளியிட்டார். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரையும் வேலையற்றோரையும் நேரிற் சென்று கண்டு எழுதிய நூல் அது. சுரங்கத்தினுள் தவழ்ந்து செல்லும் மனிதனின் முதுகெலும்பையும், ஒழுகும் கூரையின் கீழ்க் கிடக்கும் குடும்பத்தையும் அந்நூல் காட்டும் நேர்மையை எவரும் மறுப்பதற்கில்லை. அத்தகைய நூலிலே ஓரிடத்தில் அவர் ஒரு பட்டியல் தருகிறார். பொரித்த மீனும் கிழங்கும், செயற்கைப் பட்டுக் காலுறை, தகரத்தில் அடைத்த சால்மன் மீன், மலிவான சொக்கிலேற், சினிமா, வானொலி, கடுந்தேநீர், உதைபந்தாட்டப் பந்தயச் சீட்டு ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே இங்கிலாந்தில் புரட்சி வராமற் காத்தன போலும் என்பது அவர் கருத்து.

அவருக்கு அநீதி செய்யாதிருக்க மற்றொன்றையும் சொல்லல் வேண்டும். ஆளும் வர்க்கம் திட்டமிட்டு இம்மலிவுப் பண்டங்களை மக்கள் முன் வீசியது என்று அவர் கூறவில்லை. அவ்வர்க்கத்துக்கு அவ்வளவு அறிவு உண்டென்று அவர் நம்பவுமில்லை. சந்தையின் போக்கிலே தானாக நேர்ந்தது என்பதே அவர் விளக்கம். எனினும் முடிவு ஒன்றுதான். வயிற்றுக்குச் சூடாக ஏதோ கிடைத்தது. கை ஓங்காமல் இருந்துவிட்டது.

இக்கூற்றை வாசிக்கும்போது நமக்கு நன்கு பழக்கமான வேறொரு குரல் கேட்கிறது. வட கொழும்பின் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் வாழும் மக்களைப் பற்றி, "சோற்றுப் பார்சலுக்கும் சாராயப் போத்தலுக்கும் விலைபோகிறவர்கள்" என்று நடுத்தர வர்க்கத்தார் சொல்லும் குரல் அது. தேர்தல் முடிவு தமக்கு உவப்பாக இல்லாத பொழுதெல்லாம் அக்குரல் உரத்து ஒலிக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் வாயிலும் நாம் இதனைக் கேட்டதுண்டு. ஓர்வெலின் வாக்கியம் அழகானது. இவர்களின் வாக்கியம் அழுக்கானது. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஏழை வாங்கி உண்ணும் உணவை அவனுக்குக் கொடுக்கப்பட்ட இலஞ்சமாகப் பார்ப்பதே அத்தாய். இப்பார்வை சரியா என்பதை இப்பண்டத்தின் வரலாற்றைக் கொண்டே சோதிப்போம்.

இன்று இங்கிலாந்தின் தேசிய உணவு என்று கொண்டாடப்படும் இதன் இரண்டு பாதிகளும் அந்நாட்டில் தோன்றியவையல்ல. மீனை மாவிலே தோய்த்து எண்ணெயிற் பொரிக்கும் வழக்கத்தை இலண்டனுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியாவிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் துரத்தப்பட்ட யூதர்கள். 1492இல் ஸ்பானிய அரசு யூதரை நாடு கடத்தியது. 1497இல் போர்த்துக்கல் அவர்களை வலிந்து மதம் மாற்றியது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டலாகாது என்பது யூதரின் மத விதி. முதல் நாளே எண்ணெயிற் பொரித்து வைத்தால் மறுநாள் ஆறியபின்னும் மீன் கெடாது. வழிபாட்டு விதியொன்று சமையல் முறையாயிற்று. சமையல் முறை அகதியின் மூட்டையோடு கடல் கடந்தது. அதே போர்த்துக்கலின் கப்பல்களே 1505இல் நமது கரையையும் அடைந்தன. கொழும்பிலே நாம் 'பாண்' என்று சொல்லும்போது அவர்களின் சொல்லையே சொல்கிறோம். வென்றவனும் விரட்டப்பட்டவனும் தத்தம் உணவை விட்டுச் செல்வதுண்டு. வென்றவனின் உணவுக்கு மட்டும் உடனே மரியாதை கிடைத்துவிடுகிறது.

பொரித்த மீனுக்கு அம்மரியாதை கிடைக்கவில்லை. சாள்ஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய 'ஒலிவர் டுவிஸ்ற்' நாவலிலே பொரித்த மீன் கிடங்கு ஒன்று வருகிறது. அது இருக்குமிடம் களவுப் பொருள் விற்கும் ஒடுங்கிய சந்து. இலண்டனின் தெருவோர உழைப்பாளரை ஆராய்ந்து 1851இல் நூலாக்கிய ஹென்றி மேஹியூ, அந்நகரில் பொரித்த மீனைச் சுமந்து விற்போர் ஏறத்தாழ 300 பேர் என்று கணக்கிட்டார். அவர்கள் மீனோடு கொடுத்தது ஒரு துண்டுப் பாண். கிழங்கு இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் வீசும் மணத்தால் அயலார் முகஞ்சுளித்தனர். அந்த மணமே யூத வெறுப்பின் ஆயுதங்களுள் ஒன்றாகவும் பயன்பட்டது.

கிழங்கு எப்போது வந்து சேர்ந்தது? 1860இல் இலண்டனில் யோசப் மாலின் என்னும் யூதர் முதற்கடையைத் திறந்தார் என்பர் தென்னாட்டார். 1863 அளவில் இலங்காஷயரின் மொஸ்லிச் சந்தையிலே ஜோன் லீஸ் என்பவரே தொடங்கினார் என்பர் வடநாட்டார். இவ்வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். எந்த மனிதன் தொடங்கினான் என்பதைவிட, எந்தச் சூழ்நிலை அதைத் தொடங்க வைத்தது என்பதே வரலாற்று மாணவனுக்குரிய வினா. நீராவி இயந்திரம் பூட்டிய இழுவைப் படகுகள் வட கடலின் மீனைக் குவித்தன. பனிக்கட்டியிட்ட மீனைப் புகைவண்டி ஓரிரவில் உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டு சென்றது. அந்நகரங்களிலே பஞ்சாலைகள் இருந்தன. பஞ்சாலைகளிலே பெண்கள் வேலை செய்தனர். விடியுமுன் புறப்பட்டு இருண்டபின் திரும்பும் பெண்ணுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை. விறகுக்கும் கரிக்கும் காசில்லை. தெருமுனைக் கடையிலே ஒரே கொப்பரையின் சூட்டில் நூறு வீட்டின் இராச்சாப்பாடு வெந்தது. ஆலை முதலாளி அவளிடமிருந்து பறித்துக்கொண்ட நேரத்தின் ஒரு பகுதியை அப்பெண் இக்கடையில் விலைகொடுத்து மீட்டுக்கொண்டாள். 1910 அளவில் பிரித்தானியாவில் இத்தகைய கடைகள் ஏறத்தாழ 25,000. 1920களின் பிற்பகுதியில் 35,000. பெரும்பாலானவை கணவனும் மனைவியும் வீட்டின் முன்னறையில் நடத்திய சிறு கடைகள்.

ஆகவே செயற்கைப் பட்டுக் காலுறையோடும் பந்தயச் சீட்டோடும் இவ்வுணவை ஓர்வெல் ஒரே பட்டியலிற் சேர்த்ததே முதற்பிழை. இஃது ஆடம்பரப் பண்டமன்று. வேலைநாளின் நீளமும் கூலியின் குறுக்கமும் சேர்ந்து தொழிலாளியை உண்ணச் செய்த உணவு.

இரண்டாவது பிழை வரலாறு பற்றியது. கடைகள் தம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலத்திலேதான், 1926 மே 4 முதல் 12 வரை, பிரித்தானியாவில் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் சுரங்கத் தொழிலாளருக்காகத் தம் வேலையை விட்டு நின்றனர். அதனை முடித்து வைத்தது வறுத்த கிழங்கன்று, தொழிற்சங்கத் தலைமை. சுரங்கத் தொழிலாளரோ அதன்பின்னும் பல மாதங்கள் பட்டினியோடு போராடினர். மலிவான மீன் அவர்கள் கையைக் கட்டியிருக்குமானால் இது நிகழ்ந்திருத்தல் இயலாது.

மூன்றாவதாக, ஓர்வெலுக்கு எதிர்ச்சாட்சியாக ஆங்கில இலக்கியத்திலிருந்தே ஒருவரை அழைக்கலாம். அவர் மீண்டும் டிக்கன்ஸ். 1859இல் வெளிவந்த 'இரு நகரங்களின் கதை' நாவலிலே பொரித்த உருளைக்கிழங்குத் துண்டு ஓரிடத்தில் தோன்றுகிறது. அவ்விடம் பாரிசின் சென்ற் அந்துவான் பகுதி. அங்கே பசி ஓர் ஆள் போல ஒவ்வொரு சுவரிலும் கடையிலும் நின்று பார்க்கிறது. சொட்டு எண்ணெயில் மனமின்றிப் பொரித்த மலிவுக் கிழங்குத் துண்டிலும் அது தன் முகத்தைக் காட்டுகிறது. 1789இல் பஸ்தீல் சிறையை உடைக்கப் புறப்பட்டவர்கள் அப்பகுதி மக்களே என்பது மாணவர் அறிந்தது. டிக்கன்ஸ் புரட்சியின் நண்பரல்லர். கூட்டத்தைக் கண்டு அஞ்சியவர். இருந்தும் கலைஞனின் கண் அவரை ஏமாற்றவில்லை. ஓர்வெல் எதனைப் புரட்சியின் தடையென்று கண்டாரோ, அதனையே டிக்கன்ஸ் புரட்சிக்கு முந்திய அடையாளமாகக் கண்டார். அரசியலிலே முன்னேறியவர் பின்தங்கினார். பின்தங்கியவர் உண்மையைத் தொட்டார். எழுத்தாளனின் கொள்கையை மட்டும் பார்த்து எழுத்தை அளக்கும் நண்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

நான்காவது சாட்சி நூலிலிருந்து வருவதன்று. மலிவான மீன் மலிவாக வருவதற்கு யாரோ விலை கொடுக்க வேண்டும். அவ்விலையை ஹல், கிறிம்ஸ்பி முதலிய துறைமுகங்களின் மாலுமிகள் கொடுத்தனர். 1968 சனவரியிலும் பெப்ருவரியிலும் ஹல் நகரின் மூன்று இழுவைப் படகுகள் அடுத்தடுத்து வடகடற் குளிரில் மூழ்கின. 58 பேர் மாண்டனர். அப்போது கிளர்ந்தெழுந்தவர்கள் பெண்கள். அவர்களின் முன்னணியில் நின்ற லிலியன் பிலோக்கா மீன் தொழிற்சாலையிலே தோலுரிக்கும் வேலை செய்தவர். கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பியவர். தலையிலே முக்காடு கட்டிய அப்பெண்கள் சில நாட்களிலே பத்தாயிரம் கையொப்பங்கள் திரட்டினர். துறைமுகத்திலே படகுகளை மறிக்க முனைந்தனர். இலண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தனர். ஒவ்வொரு படகிலும் வானொலி இயக்குநர் இருத்தல் வேண்டும் என்பது முதலான பாதுகாப்பு விதிகளை வென்றெடுத்தனர். பிலோக்காவுக்குக் கிடைத்த பரிசு வேலை நீக்கம். புரட்சியைத் தடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அதே மீனின் செதிலைக் கையிற் கொண்டே ஒரு பெண் அரசை அசைத்தாள்.

இங்கிலாந்து அரசு இவ்வுணவை நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. மீன் பொரிக்கும் தொழில் 1940 வரை அங்கே சட்டப்படி அயலார்க்குத் தொல்லை தரும் தொழில்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டில்தான் அப்பழி நீங்கியது. போர் மூண்டிருந்தது; தொழிலாளியின் உழைப்பும் உயிரும் அரசுக்குத் தேவைப்பட்டன. இறைச்சியும் வெண்ணெயும் சீனியும் பங்கீட்டு அட்டைக்குள் வந்தபோது பொரித்த மீனும் கிழங்கும் வரவில்லை. அதுவரை நாறிய பண்டம் அன்று முதல் தேசத்தின் பண்டமாயிற்று. இன்று விலையுயர்ந்த விடுதிகளிலே பீங்கான் தட்டிலே அது பரிமாறப்படுகிறது. பொரித்தவனின் பெயர் யூதனாகவும், இத்தாலியனாகவும், சைப்பிரசுக்காரனாகவும், சீனனாகவும் மாறி மாறி வந்துள்ளது. 1983க்குப் பின் கடல் கடந்த நம்மவர் சிலரும் அக்கொப்பரைகளின் முன் நிற்கின்றனர். பண்டத்துக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. பொரிப்பவனுக்குக் கிடைப்பதில்தான் தாமதம்.

இனி நமது கரைக்கு வருவோம். களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திலே மட்டக்குளி இருக்கிறது. ஒரு பக்கம் காக்கைதீவுக் கரை; மறுபக்கம் முகத்துவாரத்தின் மீன்பிடித் துறை; ஆற்றுக்கு அப்பால் பேலியகொடை மீன் சந்தை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் உழைப்பாளர் பகுதி இது. இங்கே தேநீர்க்கடையின் கண்ணாடிப் பெட்டியிலே அடுக்கியிருக்கும் கட்லட் என்பது யாது? அவித்து முள் நீக்கிய சூரை மீன், அல்லது டின்மீன், மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு, உருட்டி மாக்கரைசலிலே தோய்த்து, றஸ்க் தூளிலே புரட்டி, எண்ணெயிலே பொரித்தது. இலங்காஷயர் தொழிலாளி தனித்தனியே பெற்றதை நமது தொழிலாளி ஒரே உருண்டையாகப் பெறுகிறான். முக்கோண வடிவான மீன் பணிஸிலும், பற்றிஸிலும், ரோல்ஸிலும் அதே மீனும் அதே கிழங்கும். காலிமுகத்திடலின் இறால் வடையோ தமிழரின் பருப்பு வடையின் மேல் கடலின் இறாலைப் பதித்தது. மூன்று இனத்தாரும் ஒரே வண்டிலின் முன் நின்று உண்பது.

பொதி சுற்றும் தாளிலும் இவ்விரு நாட்டாரும் ஒன்றுபடுகின்றனர். ஆங்கிலேயன் பழைய செய்தித்தாளிலே மீனைச் சுற்றினான். நமது வடையும் கட்லட்டும் பாடசாலைப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளிலும் பரீட்சை விடைத்தாளிலும் ஒட்டிய பைகளிலே வந்தன. சிவப்பு மையாலே ஆசிரியர்களாகிய நாம் இட்ட புள்ளிகள் எண்ணெயிலே ஊறிக் கிடக்க, அதே பரீட்சையிலே தவறி வேலைக்குப் போன பிள்ளை அவ்வடையை உண்டிருப்பான். நமது கல்வி முறையைப் பற்றி இதனிலும் கூர்மையான விமரிசனம் எழுதுதல் கடினம்.

மணத்தைக் கொண்டு மனிதரை ஒதுக்கும் வழக்கத்திலும் நாம் குறைந்தவர்களல்லர். இலண்டனில் யூதனைச் சுட்டிய மூக்கு, இங்கே சாதியைச் சுட்டுகிறது. 'மீன் வாடை' என்பது நமது சமுதாயத்திலே ஒரு வசைச்சொல். 2020 ஒக்ரோபரில் பேலியகொடைச் சந்தையிலே கொரோனாத் தொற்றுக் கண்டறியப்பட்டபோது அவ்வசை புதிய ஆடை உடுத்து வந்தது. மீனையும் மீன் விற்பவனையும் மக்கள் அஞ்சினர். அச்சத்தைப் போக்குவதற்காக, மீன்பிடித்துறைப் பொறுப்பு வகித்த முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையிலே பச்சை மீனைக் கடித்துக் காட்ட நேர்ந்தது. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பாற் கடலிலே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்திலே மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, பிடித்த மீனை வாங்குவாரும் அரிதாயினர். 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பற் கம்பனி நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் சூடையும் கீரியும் பிடித்து அன்றாடம் அடுப்பு மூட்டுபவனின் வீட்டுக்கு நீதி டொலரிலே அல்ல, நாட்கணக்கிலே வந்து சேர வேண்டும்.

2022இல் நிகழ்ந்ததோ எல்லாரும் அனுபவித்தது. அந்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறு படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. குடிசையின் அடுப்பும் பல இடங்களில் அதிலேயே எரிவது. செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியிருந்தன. அதே ஆண்டிலே உக்ரேன் போரினால் சூரியகாந்தி எண்ணெயும் மீனும் விலையேறி இங்கிலாந்தின் பொரியற் கடைகளும் தத்தளித்தன. கடலாலும் சந்தையாலும் இணைக்கப்பட்ட ஒரே உலகிலே இரு கரைகளிலும் ஒரே கொப்பரை ஆறிப்போனது.

இவ்விடத்திலே ஓர்வெலுக்கு நமது நாட்டின் பதிலையும் சொல்லிவிடலாம். 1953இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ற் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பிலே நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூட வேண்டியதாயிற்று. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். விலையும் ஓரளவு இறங்கியது. மலிவு அரிசி உண்டு வளர்ந்தவர்கள் உறங்கிவிடவில்லை. அதனை உரிமையாகக் கருதியதனாலேயே அது பறிக்கப்பட்டபோது எழுந்தனர். 2022இலே கொழும்பின் வீதிகள் கண்டதும் அந்த உண்மையின் மற்றொரு முகமே.

எனினும் ஓர்வெலிடத்தும், சோற்றுப் பார்சல் பற்றிப் பேசுவோரிடத்தும் சிறிதளவு உண்மையேனும் இல்லையா? உண்டு. உணவைக் கொண்டு மக்களை அடக்க ஆள்வோர் முயல்வதுண்டு. அங்கு வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது கை. புரவலனின் கை நீட்டும் பொதி நன்றியை எதிர்பார்க்கிறது. கூலிக் காசைக் கொடுத்து வாங்கிய கட்லட் எவருக்கும் நன்றிக் கடன் படாதது. முன்னதைப் பெறுபவன் குனிகிறான். பின்னதை வாங்குபவன் நிமிர்ந்தே நிற்கிறான். இவ்வேறுபாட்டைக் காணாத பார்வை, தொழிலாளி உண்ணும்போதெல்லாம் அவனைச் சந்தேகிக்கிறது. அவன் பட்டினி கிடந்தால் மட்டுமே அவனை மதிக்கிறது.

நமது இலக்கியத்தின் மீது நாம் கூறும் குறையும் இதுவே. பழந்தமிழ்ப் புலவர் இவ்விடயத்தில் நம்மினும் கண் திறந்தவராய் இருந்தனர். சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்துப் பரதவர் வழிப்போக்கனான பாணனுக்குக் கள்ளும் சுட்ட குழல் மீனும் கொடுத்து உபசரிக்கின்றனர். பட்டினப்பாலையிலே உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைப் பாடுமிடத்து, மீனையும் இறைச்சியையும் அரிந்து பொரிக்கும் ஓசை எழும் கள்ளுக்கடை முற்றத்தை மறக்கவில்லை. தெய்வக் கொடியும் வாதிடும் ஆசிரியர் எடுத்த கொடியும் பறக்கும் அதே வரிசையிலே பொரிக்கும் கடையின் கொடியும் பறக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புலவன் காதிலே விழுந்த அந்த ஓசை இன்றைய எழுத்தாளன் காதிலே ஏன் விழவில்லை?

தமிழிலே கடல் எழுதப்படாமலில்லை. தகழியின் 'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வந்து தமிழ் வாசகரையும் ஆட்கொண்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இலும், வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலும், ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இலும் வெளிவந்தன. இவற்றின் பெருமையை நாம் குறைக்க எண்ணவில்லை. எனினும் இவற்றின் உலகம் பெரும்பாலும் படகோடும் கரையோடும் நின்றுவிடுகிறது. கூடை கரையேறி நகரத்துக்குள் நுழைந்தபின் அதனைத் தொடர்ந்து செல்லும் எழுத்து அருகியே உள்ளது. செதில் சுரண்டும் பெண், அதிகாலை மூன்று மணிக்குக் கிழங்கு அவிக்கும் சிறுவன், நாள் முழுவதும் கொதியெண்ணெயின் முன் நின்று முன்கையெல்லாம் தழும்பேறியவன், கண்ணாடிப் பெட்டியைச் சயிக்கிளிலே கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் செல்பவன் ஆகிய இவர்கள் நமது கதைகளிலே தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறையும் கைகளாகவே உள்ளனர்.

1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் பரம்பரை இலங்கைத் தமிழ் இலக்கியத்துக்குச் செய்த பெருந்தொண்டு, சிகைத் தொழிலாளியையும் மரமேறும் தொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் கதையின் நடுவிலே நிறுத்தியமை. அவ்வாறு நிறுத்தியவர்களிற் பலர் அத்தொழில்களைத் தம் கையாலே அறிந்தவர்கள். அப்பணி முற்றுப்பெற்றுவிட்டது என்று எண்ணுதல் தவறு. நகரத்தின் உணவை ஆக்கும் தொழிலாளி இன்னும் வாயிலிலே நிற்கிறான். பசியை நாம் நிறைய எழுதிவிட்டோம். காலியான வயிறு நமது கதைகளிலே ஒரு குறியீடாகவே ஆகிவிட்டது. குறியீடு எழுதுவது எளிது; தொழில் எழுதுவது கடினம். எண்ணெய் எந்தப் பதத்திலே இருந்தால் மா கருகாது, விற்காத பண்டம் யார் கணக்கிலே விழும், கடன் சொல்பவனுக்கு எந்த நாளிலே மறுப்புச் சொல்வது என்பவற்றை அறியாதவன் அம்மனிதனை எழுத இயலாது. அறிவதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்குளியிலே நமது வகுப்பறைகளின் பின் வரிசையிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் சிலர் அதனை நன்கு அறிவர். நாம் அவர்களிடம் நெய்தல் திணையின் கருப்பொருளை ஒப்புவிக்கச் சொல்கிறோம். அவர்கள் வீட்டின் நெய்தலை எழுதச் சொல்வதில்லை.

ஒரு மக்களின் உணவை இலஞ்சமென்று இகழ்வதும், அதனைத் தேசிய அடையாளமென்று புகழ்வதும் ஒரே செயலின் இரு வகைகளே. இரண்டிலும் பொரிப்பவன் காணப்படுவதில்லை. முன்னதை அறிவாளியும் பின்னதை ஆள்வோனும் செய்கின்றனர். முற்போக்கு எழுத்தாளன் செய்ய வேண்டியது மூன்றாவது. அவன் கொப்பரையின் அருகே சென்று, அங்கே நிற்பவனின் பெயரையும் கூலியையும் கேட்டு எழுத வேண்டும். அந்த எழுத்து வரும் நாளிலே, சோற்றுப் பார்சலைப் பற்றிய அந்த இழிசொல்லைச் சொல்ல நமது நண்பர்களுக்கு நா எழாது.